உலகப் படங்களும் அவற்றைக் காத்தவர்களும்

சினிமா என்றதும் நம் காலனிவாழ் தமிழ்க் குடும்பங்களின் நினைவில் எழுவன மூவகைப் படங்களே. சென்னையில் எடுக்கப்படுவன ஒரு வகை. மும்பையில் எடுக்கப்படுவன மற்றொரு வகை. அமெரிக்காவிலிருந்து வருவன மூன்றாம் வகை. வங்க மண்ணில் இரண்டு மூன்று தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றோமாதலின் வங்காளிப் படங்களையும் நான்காவதாகச் சேர்த்துக்கொள்ளலாம். இவற்றுக்கு அப்பால், செனகல் நாட்டில் நல்ல படம் உண்டு, துருக்கியில் உண்டு, ஈரானில் உண்டு என்று ஒருவர் கூறினால், "அங்கெல்லாம் படம் எடுக்கிறார்களா?" என்று வியப்போரே நம்மில் மிகுதி.

எடுக்கிறார்கள். நெடுங்காலமாக எடுத்து வருகிறார்கள். அவற்றுள் பல, நாம் போற்றும் படங்களுக்குச் சற்றும் தாழ்ந்தவையல்ல. அங்ஙனமாயின் அவை ஏன் நம்மை வந்து எட்டவில்லை? தரம் குறைந்தமையால் எட்டவில்லை என்று எண்ணுவது எளிது. ஆனால் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போர்க்கு விளங்குவது வேறு. ஒரு படம் உலகறியப் பெறுவதும் பெறாததும் அதன் தகுதியை மட்டும் பொறுத்ததன்று. அப்படத்தின் பிரதி ஒன்றை எவரேனும் பத்திரமாக வைத்திருந்தாரா, வைத்திருந்ததை எவரேனும் வேறோர் ஊருக்கு அனுப்பினாரா என்பதையும் பொறுத்தது. அவ்வாறு வைத்திருந்தவர்களையும் அனுப்பியவர்களையும் பற்றியே இக்கட்டுரையில் எழுத விழைகின்றோம்.

படம் என்னும் சரக்கு

நாம் திரைக்கலையைக் கல்லூரியில் பயின்றவரல்லோம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். எனினும் சினிமாவோடு நமக்கு அலுவல் முறையிலேயே ஓர் உறவு இருந்தது. நாம் பார்சல் அலுவலகத்தில் பணியேற்ற காலத்தில் படங்கள் யாவும் பெட்டிகளாகவே பயணம் செய்தன. தகரத்தாலான அந்தப் படப்பெட்டிகள் எடை போடப்பெற்று, சீட்டு ஒட்டப்பெற்று, பிரேக் வண்டியில் ஏறி ஊர் ஊராகச் சென்றன. திரையில் ஓடும்போது அது கலை. எமது மேசைக்கு வரும்போது இத்தனை கிலோ எடையுள்ள சரக்கு. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டிஜிட்டல் முறை எங்கும் பரவியபின் அப்பெட்டிகளின் வரத்து நின்றுவிட்டது.

படத்தைச் சரக்காகப் பார்த்துப் பழகியவர்க்கு ஓர் உண்மை எளிதில் புலப்படும். அஃது அழியும் பொருள். 35 மில்லிமீட்டர் பிலிமில் 1000 அடிச் சுருள் ஒன்று சுமார் 11 நிமிடம் ஓடும். இரண்டரை மணி நேரப் படம் ஒன்றுக்கு 13,000 அடிக்கு மேல் பிலிம் வேண்டும். அத்தனை அடியிலும் ஈரம் படலாம், பூஞ்சை படரலாம், கீறல் விழலாம். 1950-களின் தொடக்கம் வரையில் பெருவழக்காக இருந்த நைட்ரேட் பிலிமோ எளிதில் தீப்பற்றும் தன்மையது. பற்றி எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவைத் தானே வெளியிடுவதால் நீருக்குள் அமிழ்த்தினாலும் அந்நெருப்பு அணையாது. அதன்பின் வந்த அசிடேட் பிலிம் தீக்கு அஞ்ச வேண்டாதது. ஆயின் வெப்பமும் ஈரமும் மிக்க இடத்தில் கிடந்தால் புளித்த காடியின் வாடை வீசச் சுருங்கி வளைந்து பயனற்றுப் போகும். இவை போதாவென்று, பிலிமில் உள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகவே பழைய பிரதிகளை அழித்தவர்களும் உண்டு.

செல்வத்திற் சிறந்த அமெரிக்காவின் நிலையே இதற்குச் சான்று. 1912 முதல் 1929 வரை அங்கு எடுக்கப்பட்ட முழுநீள ஊமைப்படங்கள் ஏறக்குறைய 11,000. அவற்றுள் 14 விழுக்காடு மட்டுமே முதலில் வெளியான வடிவில் முழுமையாக எஞ்சியுள்ளன என்று அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் 2013-ல் வெளியிட்ட ஆய்வு கூறிற்று. அமெரிக்காவின் கதியே அதுவாயின், குளிரூட்டிய காப்பறை கட்ட வகையற்ற சிறு நாடுகளின் படங்கள் என்னவாகும் என்பதை அன்பர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நம் நாட்டுக்கு வந்த வழி

இந்தியாவில் முதன்முதலாகச் சலனப்படம் காட்டப்பட்டது 1896 ஜூலை 7-ஆம் நாள், பம்பாயில் வாட்ஸன் ஹோட்டலில். காட்டியவர்கள் பிரான்சு நாட்டு லூமியேர் சகோதரர்களின் ஆட்கள். அதன்பின் ஐம்பதாண்டுக் காலம் அயல்நாட்டுப் படம் என்றால் பெரும்பாலும் அமெரிக்கப் படம், அடுத்தபடியாக ஆங்கிலப் படம் என்றே நிலைமை இருந்தது. மற்ற நாட்டுப் படங்களை வரவழைப்போர் மிகச் சிலரே.

இந்நிலையை மாற்ற முயன்றோருள் முதன்மையானோர் நாம் வாழும் இவ்வங்கத்தில் இருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. நாடு விடுதலையடைந்த 1947-ஆம் ஆண்டிலேயே சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்கள் சிலரும் சேர்ந்து கல்கத்தாத் திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினர். ராய் அப்போது டைரக்டர் அல்லர். விளம்பர நிறுவனம் ஒன்றில் சித்திரம் வரைபவர். சங்கத்தார் கையில் பொருளில்லை, சொந்தக் கொட்டகையும் இல்லை. உறுப்பினரிடம் சந்தா திரட்டி, கிடைத்த பிரதியைக் கொணர்ந்து, கிடைத்த இடத்தில் போட்டுப் பார்த்தனர். பார்த்தபின் கூடியமர்ந்து விவாதித்தனர்.

அடுத்த பெரு நிகழ்ச்சி 1952-ல் நடைபெற்றது. இந்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் ஏற்பாடு செய்த முதலாவது சர்வதேசத் திரைப்பட விழா அவ்வாண்டு ஜனவரி 24-ல் பம்பாயில் தொடங்கிச் சென்னை, டில்லி, கல்கத்தா ஆகிய நகரங்களுக்கும் சென்றது. 23 நாடுகள் கலந்துகொண்டன. முழுநீளப் படங்கள் 40. குறும்படங்கள் ஏறத்தாழ 100. இத்தாலிய நாட்டின் 'சைக்கிள் திருடர்கள்' படத்தை நம்மவர் பலர் அப்போதுதான் கண்டனர். திருட்டுப்போன ஒரு சைக்கிளைத் தேடித் தந்தையும் மகனும் ரோம் நகரத் தெருக்களில் அலைவதே அதன் கதை. அரண்மனை அமைப்பு இல்லை, நட்சத்திர நடிகர் இல்லை. இருந்தும் மக்கள் மனம் உருகிப் பார்த்தனர். பிமல் ராய் 1953-ல் எடுத்த 'தோ பீகா ஜமீன்' அப்படத்தின் தூண்டுதலால் பிறந்தது என்பதைச் சினிமா அறிந்தோர் அறிவர். ராய் அதே இத்தாலியப் படத்தை 1950-லேயே லண்டனில் பார்த்திருந்தார். 1955-ல் 'பதேர் பாஞ்சாலி' வெளிவந்தது.

தமிழுக்கும் இதில் பங்குண்டு. ஜப்பானிய டைரக்டர் அகிரா குரோசாவா 1950-ல் எடுத்த 'ராஷோமோன்' படத்தைத் திரைப்பட விழா ஒன்றில் கண்ட எஸ். பாலசந்தர், அதன் வழியில் 1954-ல் ஏவி.எம். நிறுவனத்துக்காக 'அந்த நாள்' படத்தை இயக்கினார். ஒரு கொலையைப் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்லும் அப்படத்தில் ஒரு பாட்டும் கிடையாது. அக்காலத் தமிழ்ப் படவுலகில் இஃது எத்துணைத் துணிவான செயல் என்பதை நம் காலனி முதியோர் எடுத்துரைப்பர்.

'ராஷோமோன்' உலகறிந்த கதையும் சுவையானது. ஜப்பானில் அப்படத்தைத் தயாரித்த கம்பெனியாருக்கே அதை வெளிநாட்டுப் போட்டிக்கு அனுப்பும் எண்ணம் இல்லை. தோக்கியோவில் இத்தாலிய மொழி கற்பித்து வந்த ஜூலியானா ஸ்த்ராமிஜோலி என்னும் இத்தாலியப் பெண்மணி அதைப் பார்த்து, வெனிஸ் திரைப்பட விழாவுக்குப் பரிந்துரைத்தார். 1951-ல் அங்கு அது தலைப்பரிசான தங்கச் சிங்கத்தைப் பெற்றது. ஓர் ஆசிரியை வற்புறுத்தாதிருந்தால் வெனிஸுக்கு அப்படம் போயிராது. அங்கிருந்து உலகமெங்கும் பரவியிராது. 'அந்த நாள்' பிறந்திருக்குமோ என்பதும் ஐயமே.

1959-ல் திரைப்படச் சங்கங்கள் யாவும் ஒன்றுகூடி இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பை நிறுவின. ராய் அதன் தலைவரானார். அயல்நாட்டுத் தூதரகங்களிலிருந்து பெற்ற பிரதிகள் ஒரு சங்கத்திலிருந்து மற்றொரு சங்கத்துக்கு ஊர் மாறி ஊர் சென்றன. ஹங்கேரியிலும் போலந்திலும் செக்கோஸ்லோவாகியாவிலும் எடுத்த படங்களை இந்தியாவின் சிற்றூர் ஆசிரியர்களும் வங்கி எழுத்தர்களும் பார்க்க முடிந்தது இவ்வாறுதான். 1965-ல் புதுடில்லியில் நடந்த சர்வதேச விழாவில், இலங்கையின் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் எடுத்த 'கம்பெரலிய' என்னும் சிங்களப் படத்துக்குத் தங்க மயில் பரிசு கிடைத்தது. கடல் கடந்து ஐரோப்பாவை நோக்கியே இருந்த நம் கண்கள் அண்டை வீட்டையும் கண்டது அன்று.

ஒரு மணியார்டரின் கதை

ஐரோப்பாவும் ஜப்பானும் ஒருவாறு அறிமுகமாயின. ஆப்பிரிக்கா ஆகவில்லை. அதற்குத் தக்க காரணம் உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஆப்பிரிக்க நாடுகளில் அரசின் முன்அனுமதியின்றி எவரும் படம் எடுத்தலாகாது என்று 1934-ல் ஒரு கட்டளை பிறப்பிக்கப்பட்டது. இதனால் ஆப்பிரிக்கர் தம் மண்ணில் தாமே படம் பிடிக்கும் வாய்ப்பு அரிதாயிற்று. விடுதலைக்குப் பின்னரும் அங்குள்ள கொட்டகைகளில் எப்படத்தை ஓட்டுவது என்பதை இரண்டு பிரெஞ்சுக் கம்பெனிகளே முடிவு செய்து வந்தன. சொந்த நாட்டுப் படம் சொந்த நாட்டுக் கொட்டகையில் இடம் பெறுவதே அரிது. பிற நாட்டை எங்ஙனம் எட்டும்?

இந்தத் தடையை உடைத்தவர்களுள் முதன்மையானவர் செனகல் நாட்டு ஊஸ்மான் செம்பேன். 1923-ல் பிறந்தவர். பள்ளிப் படிப்பு இடையிலேயே நின்றது. இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் பணியாற்றினார். பின்னர் மார்சேல் துறைமுகத்தில் மூட்டை சுமந்தார். சுமந்துகொண்டே படித்தார், படித்துக்கொண்டே எழுதினார். மேற்கு ஆப்பிரிக்காவின் டக்கார்–நைஜர் ரயில்பாதைத் தொழிலாளர் 1947 அக்டோபர் முதல் மறு ஆண்டு மார்ச்சு வரை நடத்திய வேலைநிறுத்தத்தை வைத்து 1960-ல் அவர் வெளியிட்ட நாவல் புகழ்பெற்றது. ரயில்வேக் குடும்பத்தினராகிய நாம் அறிந்திருக்க வேண்டிய நூல் அது.

ஆனால் அவர் நாட்டு மக்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். தாம் யாரைப் பற்றி எழுதுகிறாரோ அவர்களால் தம் நூலைப் படிக்க இயலாது என்பதை உணர்ந்த செம்பேன், நாற்பது வயதை நெருங்கும் பருவத்தில் மாஸ்கோ சென்று படக்கலை பயின்றார். திரும்பி வந்து 1963-ல் 'போரோம் சரெட்' என்னும் சிறு படத்தை எடுத்தார். டக்கார் நகரில் குதிரைவண்டி ஓட்டும் ஏழை ஒருவனின் ஒரு நாள் வாழ்க்கை அது. சுமார் 20 நிமிடமே ஓடும். கறுப்பு ஆப்பிரிக்கர் ஒருவர் தம் மண்ணில் எடுத்த முதற்படங்களுள் ஒன்றாக அதை வரலாற்றாசிரியர் குறிப்பர்.

1968-ல் அவர் எடுத்த படத்தின் பெயர் 'மண்டாபி'. மணியார்டர் என்பதே அதன் பொருள். வோலோஃப் என்னும் தம் தாய்நாட்டு மொழியிலேயே அதைப் பேச வைத்தார். கதை இது. வேலையற்ற இப்ராஹிமாவுக்கு இரண்டு மனைவியர், ஏழு குழந்தைகள். பாரிஸ் நகரில் தெருக்கூட்டும் அவனுடைய மருமகன் 25,000 பிராங்கு மணியார்டர் அனுப்புகிறான். அதில் 2,000 மாமனுக்கு, 3,000 தாய்க்கு, எஞ்சிய 20,000-ஐ தனக்காகச் சேமித்து வைக்கும்படி எழுதுகிறான். செய்தி பரவியதுமே கடன்காரரும் கைமாற்றுக் கேட்போரும் வாயிலில் வந்து நிற்கிறார்கள். இப்ராஹிமா தபாலாபீசுக்குச் செல்கிறான். அடையாளச் சீட்டு எங்கே என்கிறார்கள். அதற்காகப் போலீசு நிலையத்துக்குச் சென்றால் பிறப்புச் சான்று, புகைப்படம், முத்திரைத்தலை வேண்டும் என்கிறார்கள். பிறப்புச் சான்றுக்குச் சென்றால் பிறந்த தேதி என்ன என்கிறார்கள். அவனுக்குத் தெரியாது. பணம் இருக்கிறது, கையில் வாங்க முடியவில்லை. அதற்காக அலைவதிலேயே மேலும் கடன் ஏறுகிறது. இறுதியில் கற்றறிந்த உறவினன் ஒருவன் உதவுவதாகச் சொல்லிப் பணத்தைத் தானே பெற்றுக்கொண்டு, வழியில் எவனோ திருடிவிட்டான் என்று கூறி ஒரு மூட்டை அரிசியைக் கொடுத்தனுப்புகிறான்.

ஊரை விட்டு வந்து, மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்பி வாழ்ந்த குடும்பங்கள் நம்முடையவை. தஞ்சையிலும் நெல்லையிலும் வட ஆர்க்காட்டிலும் தபால்காரர் வரவை எதிர்நோக்கித் திண்ணையில் அமர்ந்திருந்த தாத்தா பாட்டிமாரை நாம் அறிவோம். நகரத்துத் திரைப்படச் சங்கக் காட்சி ஒன்றில் இப்படத்தை நாம் பார்த்தபோது, செனகல் என்னும் நாடு தொலைவில் இருப்பதாகத் தோன்றவில்லை. அன்றியும் நாம் கவுண்டருக்கு உள்ளே அமர்ந்து பாரங்களைச் சரிபார்ப்பவர். வெளியே நிற்பவர் எத்தனை கவுண்டர்களைத் தாண்டி இங்கு வந்து நிற்கிறார் என்பதை அப்படம் காட்டியதைப் போல் வேறெதுவும் நமக்குக் காட்டியதில்லை. குமாஸ்தா எவரும் இதைப் பார்த்த மறுநாள், ஜன்னலுக்கு வெளியே தாளை நீட்டும் கையைச் சற்றுப் பொறுமையோடு பார்ப்பார் என்பதில் ஐயமில்லை.

செம்பேன் 2007-ல் காலமானார். அவர் படங்கள் கெடாமல் புதுப்பிக்கப்பெற்று இன்று உலகின் பல இடங்களிலும் திரையிடப்படுகின்றன. புர்கினா பாசோவின் தலைநகரான வாகடூகூவில் 1969-ல் தொடங்கிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழா, அக்கண்டத்துப் படங்கள் ஒன்றையொன்று சந்திக்கும் களமாயிற்று.

பிழைத்த பிரதிகள்

செம்பேனின் படங்களைப் போல் எல்லாப் படங்களும் நற்பேறு பெற்றனவல்ல. சில, மயிரிழையில் பிழைத்தவை.

துருக்கியில் லுத்ஃபி அக்காத் 1966-ல் இயக்கிய 'எல்லையின் சட்டம்' என்ற படம் எல்லைப்புறத்துக் கள்ளக்கடத்தல்காரரின் வறுமையைக் கூறுவது. 1980-ல் அங்கு நிகழ்ந்த இராணுவப் புரட்சியின்போது அதன் நெகட்டிவும் பிரதிகளும் அழிக்கப்பட்டன. ஒரே ஒரு பிரதி மட்டும் எஞ்சியது. அந்த ஒன்றைக் கொண்டே 2011-ல் படம் புத்துயிர் பெற்றது.

ஈரானில் முகம்மது ரேசா அஸ்லானி 1976-ல் எடுத்த படம் 'காற்றின் சதுரங்கம்'. தெஹ்ரான் விழாவில் அது சரிவரத் திரையிடப்படாமல் பழிப்புக்கு ஆளானது. 1979-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் தடை செய்யப்பட்டது. நெகட்டிவ் தொலைந்ததாகவே எல்லோரும் எண்ணியிருந்தனர். 2014-ல் டைரக்டரின் மகன் தெஹ்ரானில் பழம்பொருள் விற்கும் கடையொன்றில் படச்சுருள் பெட்டிகளைக் கண்டார்; திறந்து பார்த்தால் தந்தையின் படம்! பின்னர் அது பாரிஸுக்கு எடுத்துச் செல்லப்பட்டுச் செப்பனிடப்பெற்று 2020-ல் உலகின் முன் வந்தது. நாற்பத்து நான்கு ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்த சரக்கு உரியவர் கைக்கு வந்து சேர்ந்தது என்று எம் அலுவல் மொழியில் சொல்லலாம்.

கொரியாவில் கிம் கி-யங் 1960-ல் எடுத்த 'வேலைக்காரி' படத்தின் நெகட்டிவில் இரண்டு சுருள்களைக் காணோம். 1990-ல் வேறொரு பழம் பிரதி கிடைத்தது. அதில் ஆங்கில வசனங்கள் கையாலேயே எழுதப்பட்டிருந்தன. எழுத்துக்களை ஒவ்வொரு சட்டத்திலிருந்தும் அகற்றிக் குறையை நிரப்பினர்; 2008-ல் படம் முழுமை பெற்றது.

இத்தகைய பணிக்கு ஓர் அமைப்பு வேண்டுமென்று அமெரிக்க டைரக்டர் மார்ட்டின் ஸ்கார்சேஸி 2007-ல் உலக சினிமா நிறுவனத்தைத் தொடங்கினார். மேற்சொன்ன மூன்று படங்களையும் புதுப்பித்ததில் அதற்குப் பங்குண்டு. பத்மா நதிக்கு அப்பால், வங்காள தேசத்தில் ரித்விக் கட்டக் 1973-ல் எடுத்த 'தித்தாஷ் என்றொரு நதி' படமும் அந்நிறுவனத்தாலேயே 2010-ல் புதுப்பிக்கப்பட்டது. நம் அண்டை அயலார் பேசும் மொழியில், நமக்கு இத்துணை அருகில் எடுத்த படம், பார்க்கத்தக்க நிலையை அடைய ஐரோப்பாவரை சென்று வரவேண்டியிருந்தது.

நம் வீட்டு நிலைமை

அயலார் கதை கிடக்கட்டும். நம் வீட்டுப் பெட்டியில் என்ன இருக்கிறது?

தென்னாட்டின் முதல் கதைப்படமான 'கீசக வதம்', மோட்டார் உறுப்புகள் விற்பனை செய்துவந்த ஆர். நடராஜ முதலியார் என்பவரால் 1910-களின் இறுதியில் சென்னையில் எடுக்கப்பட்டது. இன்று அதன் பிரதி எங்கும் இல்லை. 1931 அக்டோபர் 31-ல் வெளியான 'காளிதாஸ்' தமிழின் முதல் பேசும் படம். டி. பி. ராஜலட்சுமி நடித்தது. பம்பாயில் தயாரான அப்படத்தின் பெட்டி ரயிலேறிச் சென்னை சென்ட்ரல் நிலையத்துக்கு வந்தபோது, மக்கள் திரண்டு மலர் தூவித் தேங்காய் உடைத்துச் சாம்பிராணி காட்டி, வால்டாக்ஸ் ரோடு வழியாகக் கினிமா சென்ட்ரல் கொட்டகைக்கு அதை ஊர்வலமாகக் கொண்டு சென்றனர் என்று சொல்லப்படுகிறது. தெய்வத்துக்குச் செய்யும் சிறப்பைப் படப்பெட்டிக்குச் செய்தார்கள். அத்துணைச் சிறப்போடு வரவேற்கப்பட்ட படத்தின் ஒரு சுருளும் இன்று இல்லை! வரவேற்கத் தெரிந்த நமக்கு வைத்துக்காக்கத் தெரியவில்லை.

இதற்கு மாறாக இன்னொன்றைப் பாருங்கள். நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தர்ராஜ் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' என்னும் ஊமைப்படம் 1933-ல் திருவனந்தபுரத்தில் திரையிடப்பட்டது. சி. வி. ராமன் பிள்ளையின் மலையாள நாவலைத் தழுவியது அது. நாவலை வெளியிட்ட பதிப்பகத்தார் உரிமை வழக்குத் தொடுத்தனர். படம் முடங்கியது, பிரதி பதிப்பகத்தாரிடமே தங்கிவிட்டது. தயாரிப்பாளருக்குப் பெரும் இழப்பு. ஆனால் புத்தகங்களோடு புத்தகமாக அங்கே கிடந்த அந்தப் பிரதி 1974-ல் புனே நகரிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்தின் கைக்கு வந்தது. ஓடிய படங்கள் தேய்ந்து மறைந்தன. ஓடாமல் முடங்கிய படம் பிழைத்தது.

அக்காப்பகம் 1964-ல் நிறுவப்பட்டது. அதைக் கட்டி வளர்த்தவர் பி. கே. நாயர். ஊர் ஊராகச் சென்று, பழைய படக்காரர் வீடுகளையும் கிடங்குகளையும் தேடி, பால்கே எடுத்த படங்களின் எஞ்சிய சுருள்களையும் மற்றும் பலவற்றையும் சேர்த்தார். அயல்நாட்டுப் படங்களையும் சேர்த்து, மாணவர்க்கும் திரைப்படச் சங்கத்தார்க்கும் காட்டினார். 1991-ல் ஓய்வு பெற்று 2016-ல் மறைந்த அப்பெரியவரின் பெயர், சுவரொட்டி எதிலும் பெரிய எழுத்தில் வந்ததில்லை.

அண்டை நாட்டார் வரலாற்றிலும் நமக்கு ஒரு பங்குண்டு. முதல் சிங்களப் பேசும் படமான 'கடவுணு பொறொந்துவ' 1947-ல் வெளிவந்தது. அது எடுக்கப்பட்ட இடம் மதுரை, தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். அதன்பின் சில ஆண்டுகள் சிங்களப் படங்கள் தென்னிந்திய ஸ்டூடியோக்களிலேயே, தென்னிந்தியப் படங்களின் சாயலிலேயே உருவாயின. 1956-ல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 'ரேகாவ' படத்துக்காகக் காமிராவை ஸ்டூடியோவிலிருந்து இலங்கைக் கிராமத்து வெயிலுக்கு எடுத்துச் சென்றபோதுதான் அந்நாட்டுக்குத் தனித்ததொரு திரை முகம் கிடைத்தது. ஒரு மக்கள் தம்மைத் தாமே தம் மண்ணில் காணும்போது நேரும் மாற்றத்தை இதனால் அறியலாம்.

நாம் செய்யத்தக்கது

ஒரு காலத்தில் வெளிமாநிலத் தமிழ்ச் சங்கங்கள் ஞாயிறு காலைக் காட்சியாகத் தமிழ்ப்படம் திரையிட்டதைப் பெரியோர்கள் மறந்திருக்க மாட்டார்கள். படப்பெட்டி வந்து சேர்ந்ததா என்று விசாரிக்க ஸ்டேஷனுக்கு ஆள் போகும். அக்காட்சிக்காகவே குடும்பங்கள் பல மைல் கடந்து வந்தன. இன்று தமிழ்ப்படம் அவரவர் கைப்பேசியிலேயே வருகிறது. அதற்குச் சங்கத்தின் உதவி வேண்டுவதில்லை. ஆனால் கைப்பேசி நாம் கேட்டதையே திரும்பத் திரும்பத் தரும். கேட்கத் தெரியாததைத் தராது. செனகல் நாட்டு மணியார்டரைப் பற்றி அறியாதவர் அதை எப்படிக் கேட்பார்?

ஆகவே நம் சங்கத்தாருக்கு இரண்டு வேண்டுகோள். முதலாவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும், உரிய அனுமதி பெற்று, பிற நாட்டுப் படம் ஒன்றைக் காலனிக் குடும்பங்களுக்குக் காட்ட வேண்டும். தொடங்குமுன் கதையைத் தமிழில் பத்து நிமிடம் எடுத்துச் சொன்னால் ஆங்கில எழுத்தைத் தொடர இயலாத தாய்மாரும் முதியோரும் இடரின்றிப் பார்ப்பர். 'மண்டாபி'யில் தொடங்கலாம், ஒன்றரை மணி நேரமே ஓடும்.

இரண்டாவது வேண்டுகோள் நம் இல்லங்களைப் பற்றியது. நம் சங்கத்து நாடகங்கள், பொங்கல் விழாக்கள், பிள்ளைகளின் அரங்கேற்றங்கள் ஆகியவற்றைப் பதிவு செய்த வீடியோ காசெட்டுகள் பலர் வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. காந்தநாடாவுக்கும் பிலிமைப் போன்றே ஆயுள் உண்டு. மழைக்காலம் ஒவ்வொன்றும் அதில் சிறிது தின்றுகொண்டிருக்கிறது. அவற்றைத் திரட்டி, எந்த ஆண்டு, எந்த நிகழ்ச்சி, மேடையில் இருப்பவர் யார் யார் என்று எழுதி ஒட்டி, கணினியில் ஏற்றி வைக்கும் பணியைச் சங்கம் மேற்கொள்ள வேண்டும். மேடையில் இருப்போரை அடையாளம் சொல்லத்தக்க பெரியோர் நம்மிடையே இருக்கும்போதே இது நடைபெறல் வேண்டும். பட்டியல் எழுதும் வேலையையும் சீட்டு ஒட்டும் வேலையையும் நாமே ஏற்றுக்கொள்ளச் சித்தமாயிருக்கிறோம். அது நமக்குப் பழகிய தொழில்தானே. ஆண்டு விழா முடிந்ததும் அன்பர்கள் தத்தம் பரண்களை ஒருமுறை பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டு இதனை நிறைவு செய்கின்றோம்.